சிகாகோ போய் வீரபாண்டி ராட்டினம் ஏறுதல்

ராட்டினம் இரு வகைப்படும். ஊரைத் தேடி வருவது ஒரு வகை. ஊரார் தேடிப் போவது இன்னொரு வகை. முன்னதற்கு வீரபாண்டி ராட்டினமும், பின்னதற்குச் சிகாகோ ராட்டினமும் எடுத்துக்காட்டு. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த ஒருவர் முதல் வகையில் அம்மாவின் மடியில் உட்கார்ந்தே ஏறிவிடுகிறார். அதற்கு வேண்டியது சித்திரை மாதமும் கொஞ்சம் சில்லறையும். இரண்டாம் வகையில் ஏற பாஸ்போர்ட், விசா, விமானச் சீட்டு எல்லாவற்றோடும் ஒரு மாநாடும் வேண்டும். ராட்டினம் சுற்ற அமெரிக்கா போகிறேன் என்கிறவரை வீட்டார் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஆய்வுக் கட்டுரை வாசிக்கப் போகிறேன் என்கிறவரைத் தெருவே திரண்டு வழியனுப்பும்.

வீரபாண்டி என்னும் அளவுகோல்

தேனியிலிருந்து கம்பம் போகும் சாலையில் சுமார் 8 கிலோமீட்டரில், முல்லையாற்றங்கரையில் இருக்கிறது வீரபாண்டி. அங்கே குடியிருப்பவள் கௌமாரியம்மன். சித்திரை முதல் புதனன்று கோயிலில் கம்பம் நடுவார்கள். கம்பம் என்ற ஊரை யாரும் பெயர்த்து நடுவதில்லை. இது மூன்று கிளை கொண்ட முக்கொம்பு. மூன்று வாரம் பக்தர்கள் ஆற்றில் நீர் எடுத்து வந்து அதற்கு ஊற்றுவார்கள். பிறகு ஒரு செவ்வாயில் தொடங்கி மறு செவ்வாய் வரை எட்டு நாள் திருவிழா. அக்னிச்சட்டி ஒரு பக்கம், ஆயிரங்கண் பானை ஒரு பக்கம், உடம்பெல்லாம் சேறு பூசிய சேத்தாண்டி வேடம் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை தேர். இரவுக்கும் பகலுக்கும் வித்தியாசம் அந்த எட்டு நாளும் வெயில் மட்டுமே.

அம்மனைக் கும்பிட்டு வெளியே வந்தால் ராட்டினத் திடல். ராட்டினம் போடும் உரிமையைக் கோயில் நிர்வாகம் ஏலம் விடுகிறது. ஏலம் எடுத்தவர் லாரி லாரியாக இரும்பைக் கொண்டுவந்து இறக்குவார். இறக்கிய அன்று அது பழைய இரும்புக் கடை மாதிரிதான் கிடக்கும். சில நாளில் அதே இரும்பு எழுந்து நின்று, விளக்குப் போட்டுக்கொண்டு, ஊரைச் சுற்றத் தொடங்கிவிடும். பெரிய ராட்டினம் நடுநாயகம். பக்கத்தில் குடைராட்டினம், மரணக் கிணறு, பேய் வீடு, பிரேக் டான்ஸ், இப்படியும் அப்படியுமாக வயிற்றைக் கலக்கும் கப்பல். அந்தக் கப்பலுக்குத் தமிழ்நாட்டுத் திருவிழாக்களில் ‘கொலம்பஸ்’ என்று பெயர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் பயன்படும்.

பெரிய ராட்டினத்தில் ஆள் ஏற்றுவது தராசில் படிக்கல் வைக்கிற வேலை. ஒரு பக்கத்துப் பெட்டிகளை மட்டும் நிரப்பினால் பாரம் அந்தப் பக்கமே இழுத்து, இயந்திரம் முனகும். அதனால் ஒரு பெட்டியை நிரப்பியதும் சக்கரத்தைப் பாதி சுற்றி எதிர்ப் பெட்டியை நிரப்புவார்கள். முதலில் ஏறியவர் உச்சியில் போய்த் தொங்கிக்கொண்டு, கீழே இன்னும் டிக்கெட் விற்பதைப் பார்ப்பார். உண்மையான பயம் அந்தத் தொங்கலில்தான் இருக்கிறது. சக்கரம் சுற்றத் தொடங்கிய பிறகு பயப்பட நேரம் கிடைப்பதில்லை.

ஏறுவோரை மூன்றாகப் பிரிக்கலாம். மேலே போகும்போது கத்துகிறவர்கள். கீழே வரும்போது கத்துகிறவர்கள். ‘நீங்க போய்ட்டு வாங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்’ என்று தரையிலேயே நின்று செருப்புகளுக்குக் காவல் இருக்கிறவர்கள். மூன்றாம் வகையில் குடும்பத் தலைவர்களே பெரும்பான்மை. இறங்கி வந்த பிள்ளைகளுக்கு மிளகாய்ப் பொடி தூவிய டெல்லி அப்பளம் வாங்கிக் கொடுத்து, ‘பயந்தீங்களா?’ என்று விசாரிப்பவர்களும் இவர்களே.

மொத்தத்தில் தேனிக்காரருக்கு ராட்டினம் என்றால் நான்கு சேர்ந்தது: உயரம், காற்று, கூச்சல், அப்பளம். உலகத்தில் வேறெங்கே போய் எந்த ராட்டினத்தைப் பார்த்தாலும் இந்த நான்கை வைத்தே மார்க் போடுவார்.

சிகாகோவில் நின்றது

பெரிய ராட்டினங்களுக்கெல்லாம் மூத்தது 1893இல் சிகாகோவில் நின்றது. மரத்தாலான சிறு சக்கரங்கள் உலகின் பல பகுதிகளில் அதற்கு முன்பே இருந்தன. ஆட்கள் கையால் சுற்றிவிடும் அந்த வகை நம் ஊர்த் திருவிழாக்களிலும் நெடுநாள் இருந்தது. ஆனால் இரும்பில், பாலம் கட்டுகிற கணக்கோடு, வானத்தை மறைக்கிற அளவில் எழுந்த முதல் சக்கரம் சிகாகோவினுடையது.

கொலம்பஸ் அமெரிக்கா போய்ச் சேர்ந்து 400 ஆண்டு ஆனதைக் கொண்டாட நடந்த உலகக் கண்காட்சி அது. கொலம்பஸ் போனது 1492. 400ஐக் கூட்டினால் 1892 வரும். கண்காட்சியை 1893 மே 1 அன்றுதான் திறக்க முடிந்தது. ஒரு வருடம் தள்ளிப் போனதைக் கொலம்பஸ் பொருட்படுத்தியிருக்க மாட்டார். இந்தியாவுக்கு என்று கிளம்பி அமெரிக்காவில் இறங்கியவர் அவர். கணக்கில் கறார் பார்க்கிறவர் அல்லர்.

நான்கு ஆண்டுக்கு முன், 1889 கண்காட்சிக்காகப் பாரிஸ் ஈஃபில் கோபுரத்தை எழுப்பியிருந்தது. அதற்குப் பதில் சொல்லும்படி ஏதாவது செய்யுங்கள் என்று சிகாகோக் கண்காட்சியின் தலைமைக் கட்டடக் கலைஞர் டேனியல் பர்ன்ஹாம் அமெரிக்கப் பொறியாளர்களைச் சீண்டினார். பிட்ஸ்பர்க்கில் பாலங்களுக்கான எஃகைப் பரிசோதிக்கும் நிறுவனம் நடத்திய ஜார்ஜ் பெரிஸ் என்ற இளைஞர் சக்கரம் ஒன்றை வரைந்து காட்டினார். ஈஃபில் அசையாமல் நிற்கிறது, இது சுற்றும் என்பதுதான் அவருடைய பதில். வீண் வேலை என்றார்கள் பலர். அச்சு மட்டும் 45 அடிக்கு மேல் நீளம், ஏறத்தாழ 40 டன் எடை. 36 பெட்டிகள், பெட்டிக்கு 60 பேர். ஆக 2,160 பேர் ஒரே நேரத்தில் சுற்றலாம். அரசுப் பேருந்தின் இருக்கைக் கணக்கில் இது 39 பேருந்துக் கூட்டம். திருவிழாச் சமயத்து வீரபாண்டிப் பேருந்துக் கணக்கில் இருபதே பேருந்து.

சக்கரத்தின் உயரம் 264 அடி. மற்ற ஊர்க்காரர்களுக்கு இது ஓர் எண். தேனி மாவட்டத்துக்காரருக்கு அடிக்கணக்கு என்றாலே அணை நீர்மட்டம். காலையில் செய்தித்தாளைப் பிரித்ததும் தேடுவது அதைத்தான். முல்லைப்பெரியாற்றில் நீதிமன்றம் அனுமதித்த 142 அடியின் மேல் வைகை அணையின் 71 அடியைத் தூக்கி வைத்தாலும் 213தான் வருகிறது. மிச்சம் 51 அடிக்கு ராயப்பன்பட்டி பக்கத்துச் சண்முகாநதி அணையின் 52.5 அடியை வைத்தால் சக்கரம் மூழ்கி ஒன்றரை அடி தண்ணீர் மிஞ்சும். மூன்று அணையும் ஒரே வருடம் நிரம்ப வேண்டும் என்பது மட்டுமே இந்தக் கணக்கில் உள்ள சிக்கல்.

கண்காட்சி தொடங்கிய நாளில் சக்கரம் தயாராக இல்லை. ஏழு வாரம் கழித்து, ஜூன் 21 அன்றுதான் மக்களை ஏற்றியது. வீரபாண்டியில் ராட்டினக்காரர் ஏழு வாரம் தாமதித்தால் தேர் நிலைக்கு வந்து, ஆனி பிறந்து, முதல் போகத்துக்கு நாற்றங்காலே பச்சை பிடித்திருக்கும். கட்டணம் 50 சென்ட். கண்காட்சிக்குள் நுழையவும் அதே 50 சென்ட். இரண்டு சுற்று, மொத்தம் இருபது நிமிடம். முதல் சுற்றில் ஆள் ஏற்ற ஆறு இடத்தில் நிற்கும். இரண்டாம் சுற்று நில்லாமல் ஓடும். சீருடைக் காவலாளும் கண்ணாடி ஜன்னலும் உண்டு. கண்காட்சி முடியும் முன் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறி இறங்கினார்கள்.

சக்கரம் நின்ற இடத்துக்கு மிட்வே பிளசான்ஸ் என்று பெயர். ஒரு மைல் நீளமுள்ள பட்டையான அந்தத் திடலில் கெய்ரோ தெரு, சாவகக் கிராமம், பனிக்கட்டி மேல் ஓடும் சறுக்கு ரயில், விலங்கு வித்தைக் கொட்டகை எல்லாம் இருந்தன. அன்று முதல் அமெரிக்காவில் எந்தத் திருவிழாவானாலும் அதன் கேளிக்கைத் திடலை ‘மிட்வே’ என்றே சொல்கிறார்கள்.

அதே 1893இல் கம்பம் பள்ளத்தாக்குக்கு மேலே, மலைக்குள், பொறியாளர் பென்னிகுயிக்கின் ஆட்கள் சுண்ணாம்பும் சுர்க்கியும் குழைத்து முல்லைப்பெரியாறு அணையை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு டிக்கெட் கிடையாது. 1895 அக்டோபரில் திறந்தார்கள். சிகாகோ சக்கரத்துக்கு ஆயுள் பதின்மூன்று ஆண்டு. அணை இன்னும் நிற்கிறது. பெரிஸின் பெயரைத் தேனியில் எந்தக் குழந்தைக்கும் வைக்கவில்லை. பென்னிகுயிக் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

முன்னோடிப் பேராளர்

வெளிநாட்டு மாநாட்டுக்குப் போன இடத்தில் கேளிக்கைத் திடலைச் சுற்றுவது குற்றமா என்ற கேள்வி பேராளர்களை அரித்துக்கொண்டே இருக்கும். அவர்கள் துணிந்து சொல்லக்கூடிய முன்னோடி ஒருவர் இருக்கிறார். அவர் சுவாமி விவேகானந்தர்.

சிகாகோக் கண்காட்சியை ஒட்டி நடந்த சர்வசமயப் பேரவைக்குத்தான் அவர் போனார். சென்னையில் அளசிங்கப் பெருமாள் முதலிய அன்பர்கள் வீடு வீடாக ஏறி இறங்கிப் பணம் திரட்டி அனுப்பிவைத்தார்கள். 1893 மே 31 அன்று பம்பாயில் கப்பல் ஏறியவர் ஜூலைக் கடைசியில் சிகாகோவை அடைந்தார். அங்கே போன பிறகு தெரிந்தவை மூன்று. பேரவை செப்டம்பரில்தான் தொடங்கும். பேராளராக வேண்டுமென்றால் தகுந்த அமைப்பின் அறிமுகக் கடிதம் வேண்டும். கடிதமே இருந்தாலும் பெயர் பதிவு செய்யும் நாள் முடிந்துவிட்டது. மாநாட்டுக்குப் போகிற எவரும் இதைப் படித்துவிட்டுத் தம் கஷ்டத்தைச் சொல்லத் தயங்குவார்கள்.

அங்கே இருந்த பன்னிரண்டு நாளில் ஏறத்தாழ நாள்தோறும் கண்காட்சிக்குப் போனதாக அவரே அளசிங்கருக்கு எழுதியிருக்கிறார். முழுதும் பார்க்கப் பத்து நாளாவது வேண்டும் என்பது அவர் மதிப்பீடு. பெரிய சக்கரம் அப்போது சுற்றத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அந்தக் கடிதத்திலேயே நகைச்சுவைக் கதை ஒன்று வருகிறது. கண்காட்சியில் கபூர்தலா மகாராஜா பவனி வந்தார். சிகாகோப் பெருந்தனக்காரர்கள் அவரைக் கொண்டாடினார்கள். அதே கண்காட்சியில், வேட்டி கட்டிய மராட்டிய அந்தணர் ஒருவர் நகத்தால் உருவாக்கிய படங்களை விற்றுக்கொண்டிருந்தார். அவர் பத்திரிகைக்காரர்களிடம் மகாராஜாவைப் பற்றித் தாறுமாறாக அள்ளிவிட்டார். பத்திரிகைகளுக்கு அது சுவையான செய்தி. ஆனால் படம் விற்கிறவர் சொன்னார் என்று போட்டால் எடுபடாது. இந்தியாவிலிருந்து வந்திருக்கும் ஞானி சொன்னார் என்று விவேகானந்தர் தலையில் கட்டிப் பத்தி பத்தியாக எழுதிவிட்டார்கள். அவர் கனவிலும் சொல்லாத வார்த்தைகள் அவர் வாயில் வந்தன. தாம் சொல்லாததைப் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ளும் பேராளர் மரபும் இப்படித்தான் தொடங்கியது.

சிகாகோவின் செலவு தாங்காமல் அவர் பாஸ்டன் பக்கம் போய், ஹார்வர்டு பேராசிரியர் ஜான் ஹென்றி ரைட்டின் அறிமுகக் கடிதத்தோடு திரும்பினார். திரும்பிய இடத்தில் பேரவைக் குழுவின் முகவரி தொலைந்துபோய், இரவு ரயில் நிலையத்தில் கழிந்தது. செப்டம்பர் 11 அன்று அவர் பேசியதை உலகம் அறியும். பேரவை நடந்த கட்டடம் இன்று சிகாகோ கலைக்கூடம். அதன் வாசலில் ஓடும் மிச்சிகன் நிழற்சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள்.

தேனிப் பேராளர்

126 ஆண்டு கழித்து, 2019 ஜூலை முதல் வாரத்தில், பத்தாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு அதே சிகாகோவை ஒட்டி நடந்தது. வட அமெரிக்கத் தமிழ்ச் சங்கப் பேரவையின் ஆண்டு விழாவும், சிகாகோ தமிழ்ச் சங்கத்தின் பொன்விழாவும் அதோடு சேர்ந்துகொண்டன. 1966இல் கோலாலம்பூரில் தொடங்கிய மாநாட்டு வரிசை இது. இப்படியொரு மாநாட்டுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கிளம்பும் பேராளரை ஒரு மாதிரியாக வைத்துக்கொண்டு, பயணத்தை முறையாக விளக்கலாம்.

பேராளர் தேனியில் ரயில் ஏற முடியாது. மீட்டர் கேஜ் பாதையை அகலமாக்க 2010 டிசம்பர் கடைசியில் ரயிலை நிறுத்தினார்கள். மதுரையிலிருந்து தேனிக்கு மறுபடி ரயில் வந்தது 2022 மே மாதம். 2019இல் ரயில் இல்லாத ஊராகத் தேனி இருந்தது. ஆகவே சிகாகோ பயணத்தின் முதல் கட்டம் மதுரைப் பேருந்து. ஆண்டிபட்டிக் கணவாயில் வண்டி வளையும்போது பக்கத்து இருக்கைக்காரர் ‘எது வரைக்கும்?’ என்று கேட்பார். ‘சிகாகோ’ என்றால் நம்ப மாட்டார். ‘மதுரை’ என்பதே நல்லது.

பெட்டியில் முதலில் ஏறுவது ஏலக்காய். போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தை பக்கத்தில் இருக்கும்போது வேறு பரிசு கொண்டுபோனால் ஊர் மன்னிக்காது. பொட்டலத்தை எத்தனை உறையில் போட்டுக் கட்டினாலும் வாசனை வெளியே வந்து முன்னால் நடக்கும். இதில் வரலாற்று நியாயம் ஒன்றும் இருக்கிறது. கொலம்பஸ் கப்பல் ஏறியதே கிழக்கின் வாசனைப் பொருள்களைத் தேடித்தான். வழி தவறி அமெரிக்காவில் நின்றுவிட்டார். அவர் தேடிய சரக்கு ஐந்நூறு ஆண்டு கழித்து, தேனிப் பேராளரின் வேட்டிகளுக்கு நடுவே ஒளிந்து, அவர் நின்ற நாட்டுக்கே போய்ச் சேர்கிறது.

மாநாட்டின் இயல்பு எல்லா நாட்டிலும் ஒன்றுதான். முதல் நாள் பேராளர் எல்லா அமர்விலும் இருக்கிறார். இரண்டாம் நாள் தம் அமர்வில் இருக்கிறார். மூன்றாம் நாள் கழுத்து அட்டையும் தோள் பையும் மட்டும் இருக்கின்றன. பதினைந்து நிமிடத்துக்கு எழுதிய கட்டுரையை ஏழு நிமிடத்தில் வாசித்து, முடிவுரையை ‘அச்சில் காண்க’ என்று சொல்லி இறங்கியவருக்கு மனம் லேசாகிவிடும். லேசான மனம் மேலே போகப் பார்க்கும். அப்போதுதான் ராட்டினம் நினைவுக்கு வருகிறது.

ஏறுதல்

சிகாகோவில் இன்று ஏறக்கூடிய ராட்டினம் ஏரிக்கரையில், நேவி பியர் என்ற நீண்ட துறைமேடையில் இருக்கிறது. 1916இல் திறந்த மேடை. அதன் நூற்றாண்டுக்காக 2016இல் புதுச் சக்கரம் வைத்தார்கள். உயரம் 196 அடி, 42 பெட்டிகள். மூதாதையைவிட 68 அடி குள்ளம். வைகை அணையின் முழு நீர்மட்டத்துக்கு மூன்றடி குறைவான வித்தியாசம்.

பேராளர் முதலில் செய்வது டாலரை ரூபாயாக்குவது. அந்த ஜூலையில் ஒரு டாலர் ஏறத்தாழ 69 ரூபாய். பெருக்கிப் பார்த்தவர் இரண்டடி பின்னால் போய், வீரபாண்டியில் இந்தப் பணத்துக்கு எத்தனை சுற்று என்று கணக்குப் போட்டு, குடும்பத்தோடு எட்டு நாளும் சுற்றலாம் என்று கண்டு, பெருமூச்சு விட்டு, இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு வரிசையில் நிற்கிறார். வெளிநாட்டில் தமிழர் செய்யும் பெரும்பாலான செலவுகளுக்கு இதே காரணம்தான்.

வரிசை அமைதியாக நகர்கிறது. யாரும் யாரையும் முந்துவதில்லை. பேராளருக்கு இதுவே முதல் ஏமாற்றம்; முண்டியடிக்காமல் ஏறுகிற ராட்டினத்தில் வெற்றிக் களிப்பு கிடையாது. பெட்டி கண்ணாடி வைத்து மூடியது. உள்ளே குளிர்சாதனம், மெத்தை இருக்கை. சக்கரம் நகர்வது தெரியாமல் நகர்கிறது. உச்சியில் ஒரு பக்கம் நகரம் முழுதும் கோபுரமாக நிற்கிறது. மறுபக்கம் மிச்சிகன் ஏரி, கரை தெரியாமல் விரிகிறது. தேனிக்காரர் பார்த்த பெரிய நீர்ப்பரப்பு நிரம்பிய வைகை அணை. இந்த ஏரி நிரம்பியிருக்கிறதா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அவருக்குத் தோன்றும் முதல் கேள்வி.

கீழே இறங்கும்போது அடிவயிற்றில் ஜிவ் என்று வர வேண்டும். வரவில்லை. காற்று முகத்தில் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை. பக்கத்துப் பெட்டிகளில் யாராவது கத்த வேண்டும். எல்லாரும் போட்டோ எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். உயரத்துக்கு மட்டும் முழு மார்க் போட்டுவிட்டு, காற்று, கூச்சல், அப்பளம் மூன்றுக்கும் சுழி போட்டு இறங்குகிறார் பேராளர்.

சிகாகோவின் கோடைக் கடிகாரம் தேனியைவிடப் பத்தரை மணி நேரம் பின்னால். அங்கே காலை பத்தேகால் என்றால் இங்கே அப்பத்தா சாப்பிட்டு முடித்து வாசலில் காற்று வாங்குகிற நேரம். போன் போகிறது.

“ராட்டினம் ஏறுனியாப்பா?”

“ஏறுனேன் அப்பத்தா.”

“நம்ம வீரபாண்டி ராட்டினத்தவிடப் பெருசா?”

“ரொம்பப் பெருசு. ஆனா ஒருத்தருமே கத்தல.”

“கத்தலையா? அப்ப அது ராட்டினம் இல்லப்பா. மதுரை ஆஸ்பத்திரியில இருக்குமே, அந்த லிஃப்டு.”

வாசித்த கட்டுரையைப் பற்றி வீட்டில் யாரும் கேட்பதில்லை.

புல்வெளி

லிஃப்டில் ஏறியதோடு திருப்தியடையாத பேராளர், மூத்த சக்கரம் நின்ற மிட்வே பிளசான்ஸைப் பார்க்க நகரின் தென்பகுதிக்குப் போகிறார். மாநாட்டில் கேட்டால் சொல்லத் தகுந்த காரணமும் இருக்கிறது. திடலை அணைத்தாற்போல் நிற்பது சிகாகோ பல்கலைக்கழகம். குறுந்தொகையை ஆங்கில உலகத்துக்குக் கொண்டுபோன ஏ.கே. ராமானுஜன் 1960களிலிருந்து 1993இல் மறையும் வரை பாடம் நடத்திய இடம். ஆய்வாளர் அங்கே போவது கடமை. போன வழியில் திடல் குறுக்கிட்டால் ஆய்வாளர் என்ன செய்வார்?

திடலில் ஒன்றுமில்லை. ஒரு மைலுக்குப் புல். இரண்டு பக்கமும் மரங்கள். பந்து விளையாடும் மாணவர்கள், நாயோடு நடக்கும் சிலர். குளிர்காலத்தில் சறுக்கி விளையாட ஒரு தளம். 2,160 பேரைத் தூக்கிச் சுற்றிய 264 அடி இரும்பு அங்கே இருந்ததாகக் காற்றுகூடச் சொல்வதில்லை. ‘வெள்ளை நகரம்’ என்று பெயர் வாங்கிய கண்காட்சி மாளிகைகளும் பெரும்பாலும் சாந்தைப் பூசிச் சில மாதத்துக்கென்று கட்டியவைதான். அவற்றில் பல மறு ஆண்டே தீக்கிரையாயின. நிலைத்து நின்ற கலை மாளிகை இன்று அறிவியல் அருங்காட்சியகம்.

சக்கரத்தைக் கழற்றி நகரின் வடபகுதியில் மறுபடி மாட்டிப் பார்த்தார்கள். கூட்டம் வரவில்லை. பெரிஸ் கடனிலும் வழக்குகளிலும் சிக்கி, 1896 நவம்பரில், 37 வயதில், பிட்ஸ்பர்க்கில் இறந்தார். சக்கரம் கைமாறி 1904இல் செயின்ட் லூயிஸ் கண்காட்சிக்குப் போனது. அங்கும் திருவிழா முடிந்ததும் கேட்பாரற்று நின்றது. 1906 மே 11 அன்று வெடி வைத்துத் தகர்த்துப் பழைய இரும்பாக்கினார்கள். அன்று வெள்ளிக்கிழமை. கம்பம் நடும் கணக்கை இன்றுள்ளபடி அந்த ஆண்டுக்கும் போட்டால், அது வீரபாண்டியில் தேர் நாள்.

தேனிப் பேராளருக்கு அந்தப் புல்வெளி புதிதல்ல. ஒன்பதாம் நாள் வீரபாண்டித் திடல் இதேதான்: ராட்டினக் கால்கள் ஊன்றிய குழி, எண்ணெய் படிந்த மண், கிழிந்த டிக்கெட், அப்பளம் தின்ற காகிதம். இரும்பு லாரியில் ஏறி வேறு ஊர்த் திருவிழாவுக்குப் போயிருக்கும். சிகாகோக் குழியின் மேல் புல் முளைத்துவிட்டது என்பதொன்றே வித்தியாசம்.

ஆகவே தொடக்கத்தில் சொன்ன வகைப்பாட்டைத் திருத்த வேண்டியிருக்கிறது. உலகம் தேடிப் போன சிகாகோச் சக்கரமும் திருவிழாவுக்கு வந்த ராட்டினம்தான். வந்தது, சுற்றியது, கழற்றினார்கள், அடுத்த ஊருக்குப் போனது. ராட்டினம் இரு வகைப்படும் என்பது சரி. வந்து போவது ஒரு வகை. போய்விட்டு மறுபடி வருவது இன்னொரு வகை. மிட்வேயில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இரண்டாவது நடக்கவில்லை. வீரபாண்டியில் ஆண்டுதோறும் நடக்கிறது.

சித்திரை முதல் புதன் கம்பம் நடுவார்கள். அதிலிருந்து மூன்றாம் செவ்வாய் திருவிழா தொடங்கும். தேனியிலிருந்து பேருந்து உண்டு. விசா வேண்டாம், கட்டுரை வாசிக்க வேண்டியதில்லை. ஏறுகிறவர்கள் செருப்பைக் கீழே நிற்கும் குடும்பத் தலைவரிடம் கொடுத்துவிட்டு ஏறவும்.